சமையலறைக்கும் சக்கரம் பூட்டியாயிற்று

‘ஓய்வு பெற்ற தம்பதி’ என்று சொல்கிறார்கள். சுற்றுலா விளம்பரங்களில் இந்தத் தம்பதி கடலைப் பார்த்தபடி, கையில் தேநீர்க் கோப்பையோடு சிரிக்கிறார்கள். அந்தத் தேநீரைப் போட்டது யார் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

என் வீட்டில் ஓய்வு பெற்றவர் ஒருவர்தான். அரசுப் பள்ளியில் 34 ஆண்டுகள் வரலாறு நடத்திய நான், மாலையும் கேடயமும் வாங்கிக்கொண்டு வந்து, மறுநாள் காலை வழக்கம்போல் ஐந்தரை மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். அரசுப் பணிக்கு ஓய்வு வயது உண்டு. தமிழக அரசு அதை 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்த்தியது. அடுப்படிப் பணிக்கு ஓய்வு வயதை நிர்ணயித்து இதுவரை ஓர் அரசாணையும் வந்ததில்லை.

சென்ற ஆண்டு நாங்கள் கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை கடலோரமாகவே பத்து நாள் போனோம். ‘வீட்டையே கூட்டிக்கொண்டு போகலாம்’ என்பதுதான் இந்த வண்டிக்குச் சொல்லப்படும் பெருமை. வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு வீடு என்பது சுகம். அதைக் கூட்டிப் போனால் சுகமும் கூடவே வரும். அதே வீடு எனக்குப் பணியிடம். விடுமுறைக்குப் போகிறவர் அலுவலகத்தைத் தூக்கிக்கொண்டா போகிறார்? லாட்ஜில் தங்கி மெஸ்ஸில் சாப்பிட்ட பழைய பயணங்களில், இலையை மூடிவிட்டு எழுந்துபோகும் உரிமையாவது எனக்கு இருந்தது.

வண்டியில் மூன்று பேர் இருந்தோம். ஓட்டுநர் தம்பிக்கு நாள் சம்பளம் உண்டு, இரவு தங்கினால் தனிப் படி உண்டு. கணவருக்கு ஜன்னலோர இருக்கை. எனக்கு இரண்டு அடுப்பும், கையளவு தொட்டியும், ‘தண்ணியைப் பாத்துச் செலவு பண்ணு’ என்ற அறிவுரையும். இரண்டாம் நாள் அந்தத் தம்பி வெங்காயம் உரிக்க வந்தார். “நீ வண்டி ஓட்டுறவன், போய்க் கொஞ்சம் படுப்பா” என்று கணவர் அனுப்பிவைத்தார். ஓட்டுவது உழைப்பு, ஓட்டுகிறவருக்குக் களைப்பு வரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவு அடுப்பின் பக்கம் திரும்பவே இல்லை.

தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டையை அவர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எனக்கு அதன் வரலாற்றை விளக்கினார். வேதாரண்யத்தில் 1930இல் உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்றுச் சிறைக்குப் போனவர் ருக்மிணி லட்சுமிபதி. அவரைப் பற்றி வகுப்பு வகுப்பாகப் பேசியிருக்கிறேன். அந்த ஊருக்கே போய் நான் உப்புப் பார்த்தது சாம்பாரில்தான்.

இதெல்லாம் ஒரு வீட்டுப் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒன்றிய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அப்படி ஈடுபடுகிற ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றமே உழைப்பு என்று ஏற்றுக்கொண்டதை நம் வீடுகள் இன்னும் ‘கைப்பக்குவம்’ என்று கொஞ்சிக்கொண்டிருக்கின்றன.

கேரவனில் எனக்குக் கிடைத்த ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும்: கழிப்பறை. பேருந்துப் பயணம் என்றால் முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்களில் நானும் ஒருத்தி. இந்தப் பத்து நாளும் தாகம் எடுத்தபோதெல்லாம் குடித்தேன். ஆனால், வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பயணம் செய்ய ஒரு பெண் ஆயிரக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டுமா? அது ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும், பூட்டாத கதவோடு, இலவசமாகக் கிடைக்க வேண்டிய உரிமை.

நாகப்பட்டினத்தில் மீன் வாங்கியபோது, விற்ற பெண்மணியிடம் நாங்கள் ஓய்வு பெற்றவர்கள் என்று சொன்னேன். என் வயதுதான் இருக்கும். “முட்டி தேஞ்சா எங்களுக்கு ரிட்டயர்டுக்கா. அப்பறமும் உலை வெக்கணும்ல?” என்றார். எனக்காவது மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது. விடியுமுன் ஏலத்துக்குப் போய், கூடை சுமந்து, தெருத் தெருவாய் விற்று, வீடு திரும்பிச் சோறாக்கும் அவருக்கு எது வருகிறது? வீட்டுவேலையை வேலையென்று எண்ணத் தொடங்கினால், அவருடைய கணக்கு என்னுடையதைவிடப் பெரியது. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

‘சமைப்பது உனக்குப் பிடிக்குமே’ என்பார்கள். பிடிக்கும். எனக்குப் பாடம் நடத்தவும் பிடித்தது. அதற்காக யாரும் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை, ஞாயிற்றுக்கிழமையை ரத்துசெய்யவுமில்லை. பிடித்த வேலைக்கும் விடுப்பு உண்டு.

மாணவிகளே, அம்மாவையும் அப்பாவையும் இப்படியொரு பயணத்துக்கு அனுப்பப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தால், முன்பதிவு செய்யுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: பத்து நாளில் முப்பது வேளை, யார் யார் எத்தனை? அதற்குப் பதில் இல்லையென்றால், நீங்கள் அம்மாவுக்குச் சுற்றுலா அனுப்பவில்லை, பணியிட மாறுதல் வாங்கிக் கொடுக்கிறீர்கள்.

அடுத்து மேற்குக் கடற்கரை, கோவாவிலிருந்து கொச்சிவரை போகலாம் என்கிறார் கணவர். எனக்குப் பத்து வேளை, அவருக்குப் பத்து, கடைக்குப் பத்து என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்து இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் நான் போவேன். கடலோரமாக ரயில் ஓடுகிறது, பயணச்சீட்டு ஒன்று போதும்.