இரக்கம் மட்டும் போதுமா?

பண்டமாரானில் எங்கள் வீட்டில் ஐந்து பூனைகள். ஆறாவதாக ஒரு தெருக்குட்டி வரப்போகிறது. ஐயோ பாவம் என்று தூக்கி வந்தால் மட்டும் போதாது என்பதே என் கருத்து.

பூனை, வாசனையால் தன் எல்லையை அறியும் பிராணி. புதியதை உடனே பழையவற்றோடு விட்டால் சண்டைதான், நோயும் பரவலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுவோம். பிறகு சில வாரம் தனியறையில் வைத்து, படுக்கைத் துணிகளை மாற்றிப் போட்டு மணத்தைப் பழக்குவோம்.

கருத்தடை செய்வது பாவம் என்பாரும் உளர். பெண் பூனை நான்கு மாதத்திலேயே சினையாகலாம். சுமார் 65 நாளில் குட்டி போடும். அக்குட்டிகளைப் பெட்டியிலிட்டுச் சந்தையோரம் விட்டு வருவது மட்டும் புண்ணியமா? நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் வளர்ப்பவரின் கடமைகளை வரையறுத்துள்ளது.

நண்பர்களே, தூக்கி வர ஒரு நிமிடம் போதும். வளர்க்கப் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். சிந்திப்போம்!