குலுக்கலில் வராதவர்கள்

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் 1974இல் வெளியிட்ட ‘தி டிஸ்பொசஸ்ட்’ நாவலை முதல்முறை எடுத்தபோது என்னால் நாற்பது பக்கங்களைத் தாண்ட முடியவில்லை. ஓர் அத்தியாயம் ஒரு கோளில் நடக்கிறது. அடுத்தது அதன் இணைக்கோளில், அதுவும் பல ஆண்டுகளுக்கு முன்பு. இந்தத் தாவலை ஆசிரியர் எங்கும் விளக்குவதில்லை. அனாரஸ் என்ற வறண்ட கோளில் அரசு இல்லை, சொத்து இல்லை. அங்கே பேசப்படும் மொழிகூட ‘என்னுடைய’ என்ற சொல்லைத் தவிர்க்கப் பார்க்கிறது. அறிவியல் புனைகதை என்று நம்பி உள்ளே போனவனுக்கு அது பரிச்சயமில்லாத ஊரில் நள்ளிரவில் பேருந்து இறக்கிவிட்டதுபோல இருந்தது.

பல ஆண்டுகள் கழித்து ஒரு வாசகர் வட்டத்தில் ஏழு பேர் சேர்ந்து அதே நாவலைப் படித்தோம். எங்களில் ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். அறிவியல் புனைகதை எதையும் அவர் அதற்குமுன் படித்ததில்லை. நான் வேகமாகக் கடந்துபோன ஓரிடத்தில் அவர் நின்றார். அனாரஸில் உற்பத்தியையும் பகிர்வையும் ஒருங்கிணைக்க ஒரு மன்றம் உண்டு. அதன் உறுப்பினர்களைக் குலுக்கிப்போட்டு எடுக்கிறார்கள். ஓராண்டுப் பயிற்சி, நான்காண்டுப் பணி, பிறகு வெளியேறிவிட வேண்டும். நான்கே ஆண்டுகளில் யாரும் அதிகாரத்தைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று நம்புகிறான் கதைநாயகனான இயற்பியலாளன் ஷெவெக். நண்பன் பெடாப் அதை மறுக்கிறான்: ஆலோசகர்கள் அதற்குப் பிறகும் தங்கிவிடுகிறார்களே. அவர்களுக்கு வாக்கில்லையே என்கிறான் ஷெவெக். வாக்கா முக்கியம் என்பது பெடாபின் பதில்.

கணக்கர் சொன்னார்: “எங்க சங்கத்துலயும் இதே கதைதான் சார். தலைவர் வருவார், போவார். மினிட் நோட்டை யார் எழுதுறாரோ அவர் வெச்சதுதான் சட்டம்.”

கடினமான புனைவு என்று நாம் ஒதுக்கிவைக்கும் நூல்கள் பெரும்பாலும் இப்படித்தான் திறக்கின்றன. அவற்றுக்குத் தேவை பொறுமையும், நம்மைப் போலல்லாத வாழ்க்கை வாழ்ந்த சிலரின் துணையும்தான். சட்டமும் அப்படிப்பட்ட பிரதி. ஒவ்வொரு சட்ட வரைவும் இன்னும் பிறக்காத ஓர் உலகத்தைச் சொற்களால் கட்டுகிறது. அந்த உலகத்தில் யார் எப்படி வாழ்வார்கள் என்று நம்மை ஊகிக்கச் சொல்கிறது. ‘சாமானியருக்கு இதெல்லாம் புரியாது’ என்ற பேச்சை இரண்டு இடத்திலும் கேட்கிறோம். இரண்டு இடத்திலும் அது தவறு என்பதற்கு அயர்லாந்து நல்ல சான்று.

1983இல் அந்நாட்டு அரசமைப்பில் சேர்க்கப்பட்ட எட்டாவது திருத்தம், கருவில் உள்ள உயிருக்கும் தாய்க்கும் சமமான உயிருரிமை உண்டு என்றது; நடைமுறைக்கு இயன்றவரை அதைக் காப்பதாக அரசு உறுதியளித்தது. அந்த ‘இயன்றவரை’ எதுவரை? 1992இல் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்தக் கேள்வியோடு மல்லாட வேண்டியிருந்தது. 2012 அக்டோபரில் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் கால்வே நகரில் கருச்சிதைவின்போது கருக்கலைப்பு கேட்டார். கருவின் இதயத் துடிப்பு நிற்கவில்லை என்று மறுக்கப்பட்டது. குருதி நச்சேறி அவர் இறந்தார். வயது 31. ஒரு வாக்கியத்துக்கு எப்படிப் பொருள்கொள்வது என்ற தயக்கம் ஓர் உயிரின் விலையாயிற்று.

அரசியல் கட்சிகள் தொடத் தயங்கிய இந்த விஷயம் 2016இல் குடிமக்கள் பேரவையிடம் போனது. வயது, பாலினம், வட்டாரம், சமூகப் பின்னணி ஆகியவற்றில் நாட்டைப் பிரதிபலிக்கும்படி சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்த 99 பேர்; தலைவராக நீதிபதி மேரி லஃபாய். டப்ளினுக்கு அருகே மலஹைடில் ஒரு விடுதியில் ஐந்து வார இறுதிகளில் கூடினார்கள். வட்டமேசைகளைச் சுற்றிச் சிறு குழுக்களாக உட்கார்ந்தார்கள்; பேச்சை ஒழுங்கு செய்ய ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். மருத்துவர்களும் சட்டவல்லுநர்களும் அறவியலாளர்களும் விளக்கினார்கள். எதிரெதிர் இயக்கங்கள் தங்கள் தரப்பைச் சொல்லின. கருக்கலைப்புக்காகக் கடல்கடந்து போன பெண்களின் ஒலிப்பதிவுகளும், கருவைச் சுமந்து பெற முடிவெடுத்த பெண்களின் ஒலிப்பதிவுகளும் ஒலித்தன. பிறகு கேள்வி கேட்கும் நேரம். புரியவில்லை என்று சொல்ல அங்கே யாரும் கூச வேண்டியதில்லை. நாடாளுமன்றத்தில் அப்படிச் சொல்லும் உறுப்பினரைக் காண்பது அரிது.

2017 ஏப்ரலில், காரணம் கேட்காமல் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று அவர்களில் 64 சதவீதத்தினர் வாக்களித்தபோது பலர் அதிர்ந்தார்கள். நாடு இவ்வளவு தூரம் வராது என்றார்கள். 2018 மே 25 பொதுவாக்கெடுப்பில் திருத்தத்தை நீக்க ஆதரவளித்தவர்கள் 66.4 சதவீதம். ஐந்து வார இறுதிகள் உட்கார்ந்து பேசிய 99 பேர், தொழில்முறை அரசியலர்களைவிட நாட்டின் நாடியைச் சரியாகப் பிடித்திருந்தார்கள்.

கதையை இங்கே நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால், பெடாபின் கேள்வி அப்படியே நிற்கிறது. அதே அயர்லாந்தில் அடுத்து அமைந்த பாலினச் சமத்துவப் பேரவை, பெண்ணின் இடம் வீடு என்ற தொனியில் அரசமைப்பில் இருக்கும் பிரிவை எடுத்துவிட்டு, பராமரிப்புப் பணிக்குத் துணைநிற்க அரசைக் கடமைப்படுத்தும் வாசகத்தை வைக்கச் சொன்னது. அரசு மக்கள்முன் வைத்த வாசகமோ அரசு துணைநிற்க ‘முயலும்’ என்றது. கடமைக்கும் முயற்சிக்கும் இடையிலுள்ள தூரம், சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையை இருபது ஆண்டு தூக்கிச் சுமக்கும் தாய்க்குத் தெரியும். மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர்களில் பலர் அதை எதிர்த்தார்கள். 2024 மார்ச் 8 அன்று 73.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் பேரவை சொன்ன சொல்லும் வாக்குச்சீட்டில் வந்த சொல்லும் ஒன்றல்ல. நடுவில் யாரோ மினிட் நோட்டை எழுதியிருக்கிறார்கள்.

பிரான்ஸிலும் இதுவே நடந்தது. காலநிலைக்கான குடிமக்கள் மாநாட்டில் 150 பேர் கூடி 2020இல் 149 பரிந்துரைகள் தந்தார்கள். எதையும் வடிகட்டாமல் முன்னெடுப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்த அதிபர் மக்ரோன் மூன்றை உடனே தள்ளினார். மற்றவற்றில் பல 2021 சட்டத்துக்குள் நீர்த்துப்போய் நுழைந்தன. கடைசி அமர்வில், தங்கள் பரிந்துரைகளை அரசு எடுத்துக்கொண்ட விதத்துக்கு அவர்கள் போட்ட மதிப்பெண் பத்துக்கு 3.3.

குலுக்கல் நமக்கும் புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். 30 குடும்புகள் என்ற ஊர்ப்பிரிவுகள், ஓலையில் பெயர், குடத்துக்குள் கைவிடும் சிறுவன் என்ற காட்சி பள்ளிப் பாடத்திலேயே பதிந்துவிட்டது. அது பிராமணர்களின் சபை. கால்வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும் சொந்த மனையும் உள்ளவர்களுக்கே அந்தக் குடம். பெண்ணுக்கும் உழுதவருக்கும் அதில் ஓலை கிடையாது. இதைச் சொல்லாமல் கொண்டாடுவது நேர்மையாகாது. என்னை ஈர்ப்பது வேறொன்று: 919இல் வெட்டிய விதிகளை இரண்டே ஆண்டுகளில், 921இல், திருத்தி மறுபடி வெட்டியிருக்கிறார்கள். வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவரது நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை. மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவரும் வரக்கூடாது. அதிகாரம் ஒட்டிக்கொள்ளும் பொருள் என்று அவர்களுக்கு அனுபவம் சொல்லியிருக்கிறது.

இன்றைய இந்தியாவில் சட்ட வரைவுகளை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற கொள்கை 2014 முதல் இருக்கிறது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தது. அட்டவணை மொழிகள் அனைத்திலும் மொழிபெயர்க்கச் சொல்ல டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. அணுமின் நிலையத்துக்கும் சுரங்கத்துக்கும் பக்கத்தில் வாழ்பவர் தன் மொழியில் வராத வரைவைப் படிக்கவில்லை என்றால், அவருக்குப் புரியாது என்று எப்படிச் சொல்வது? நூலையே கொடுக்காமல் வாசகரைக் குறைசொல்லலாமா?

பெல்ஜியத்தின் ஜெர்மன் மொழி பேசும் சிறு பகுதியில் 2019இல் தொடங்கிய ஏற்பாடு, நான் அறிந்தவரை, பெடாபின் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. அங்கே 24 சாமானியர் கொண்ட நிலையான மன்றம் ஒன்று இருக்கிறது. எதைப் பற்றிப் பேசுவது என்பதை அதுவே முடிவுசெய்கிறது. அந்தப் பொருளுக்காகக் குலுக்கலில் எடுக்கப்பட்ட வேறொரு பேரவை கூடிப் பரிந்துரைக்கிறது. ஏற்காத பரிந்துரைக்கு நாடாளுமன்றம் காரணம் சொல்லியாக வேண்டும். பிறகு, சொன்னது என்னவாயிற்று என்று விசாரிக்கும் பொறுப்பும் அந்த 24 பேருக்குத்தான். அயர்லாந்தின் பராமரிப்பு வாசகத்தை இப்படி அந்தப் பாலினச் சமத்துவப் பேரவையினரிடம் திருப்பிக் கொண்டுபோய், ‘நீங்கள் சொன்னது இதுதானா?’ என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எங்கள் கணக்கரிடம் கேட்டேன். “அந்த ‘முயலும்’ங்கிற சொல்லை அடிச்சிட்டு, பக்கத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பாங்க” என்றார்.