கடைக்கால் போயிற்றென்று கையை விரிப்பதா?

செட்டிநாட்டு வீடொன்றின் சுவரில் வெடிப்புக் கண்டவுடன் ஊரிலே எழும் முதற் குரல், "கடைக்கால் போயிற்று, இனி இடிப்பதே வழி" என்பதாகும். இக் குரலை எழுப்புவோர் யாவர்? பல விடங்களில் தேக்குத் தூண்களுக்கும் கதவு நிலைகளுக்கும் விலை பேச வந்தவர். அன்றேல் அவ்விடத்தே புதுக் கட்டடம் எழுப்பக் காத்திருப்பவர். நோயாளியின் உடைமைமேற் கண் வைத்தவனே நோயையும் முடிவு செய்யும் விந்தை இது! அவ்வாறு இடிபட்ட வீடுகள் பலவற்றிற் கடைக்கால் போய்விடவில்லை; போகவேண்டிய நீர்தான் போகாமல் நின்றது.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களிற் பரவி நிற்கும் இவ் வீடுகள், 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி தொடங்கி 1940-கள் வரை எழுந்தவை. பருமாவிலும் மலையாவிலும் இலங்கையிலும் நகரத்தார் ஈட்டிய பொருள், முகப்பாகவும் வளவாகவும் இரண்டாங் கட்டாகவும் இங்கு வந்து நின்றது. 1942-இற் சப்பானியர் பருமாவைக் கைக்கொண்டதும், பின்னர் அந் நாட்டரசு நிலத்தையும் வாணிகத்தையும் நாட்டுடைமை ஆக்கியதும் அவ் வருவாயை அறுத்தன. 2014-இல் யுனெசுகோவின் உலக மரபிடங்களுக்கான முன்பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் சேர்க்கப்பெற்றன. பெருமைதான், ஆயின், பட்டியல் எந்தச் சுவரையும் தாங்கிப் பிடிப்பதில்லை.

இவற்றைக் கட்டிய கொத்தர் வறண்ட நிலத்திற் கட்டினர். எனினும் மழையை மறந்தாரல்லர். தெருமட்டத்திற்கு மேல் உயர்ந்த மேடைமீது வீட்டை எழுப்பினர். ஓட்டுக் கூரையினின்று வீழும் நீர் முற்றத்துட் சேர்ந்து, வடிகால் வழியே வெளியேறித் தெரு வாய்க்காலைப் பற்றி ஊருணியை அடைந்தது. இன்று வாய்க்கால் தூர்ந்தது. ஊருணியின் வரத்துக்கால்மேற் கடை எழுந்தது. தெருவோ, பழைய தாரின்மேற் புதிய தார் அடுக்கி அடுக்கி உயர்ந்தவண்ணமே உள்ளது. வீட்டைவிட்டு வெளியே போகவேண்டிய நீர் வீட்டை நோக்கித் திரும்பிச் சுவரடியிற் குளமாய் நிற்கின்றது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுச்சாலை போடவேண்டும் என்று தமிழக அரசின் தலைமைச் செயலாளர் 2021-இல் அறிவுறுத்தினார். அது தம் தெருவிற் கைக்கொள்ளப்படுகின்றதா என்று கேட்கும் உரிமை தெருவார் அனைவர்க்கும் உண்டு. கேட்டவர் எத்துணைப் பேர்?

மற்றொரு கேடு, நன்மையென்று எண்ணியே செய்யப்படுவது. பழஞ்சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டியது. நிலத்தினின்று ஏறும் ஈரத்தை அது உள்வாங்கும். வெயிலிற் காய்ந்து வெளிவிடும். சுவர் மூச்சுவிடுகின்றது எனப்படுவது இதுவே. அதன் காலடியிற் சிமிட்டியைப் பூசிவிட்டால், ஈரம் வெளிப்பட வழியின்றிச் சுவருக்குள்ளேயே மேலேறும். அதிற் கரைந்துள்ள உப்பு, ஈரம் காயுமிடத்திற் செங்கல்லின் நுண்டுளைகளில் உறைந்து பருத்து, செங்கல்லைப் பொடியாக்கும். சில மழைக்குள் பூச்சு உப்பி விழும். உடனே, "பார்த்தீர்களா, சுவரே உளுத்துவிட்டது" என்பர்! உளுக்க வைத்தது எது? சுண்ணாம்புச் சாந்து, கட்டடம் சிறிது அசைந்தால் தானும் நெகிழ்ந்து கொடுக்கும். நீரிற் கரைந்த சுண்ணாம்பு மயிரிழை வெடிப்புகளில் மீண்டும் படிந்து தானே அடைப்பதும் உண்டு. சிமிட்டியோ நெகிழாது, தன்னினும் மெலிந்த பழஞ்செங்கல்லையே பிளக்கும். 1824-இல் இங்கிலாந்தில் உரிமம் பெற்ற போர்ட்லாந்து சிமிட்டி தனக்கேற்ற கட்டடத்திற்கு நன்று. அதன்மேல் நமக்குப் பகையில்லை.

உண்மையிலேயே கடைக்கால் இறங்கியிருப்பின் என் செய்வது? வெடிப்பு வளர்கின்றதா, என்றோ நின்றுவிட்டதா என்பதை முதலில் அறிக. வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்திட்டு ஒட்டி, அருகில் நாளையும் எழுதி வைக்க. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தும் அஃது உடையாதிருப்பின், பெரும்பாலும் வெடிப்பைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தலே போதும். உடைந்தால், மரபுக் கட்டடம் அறிந்த பொறிஞரை அழைத்த பின்னரே மண்வெட்டியைத் தொடுக. அப்போதும் சுவர் நெடுகிலும் ஒரே வானமாகத் தோண்டுதல் சுவரைக் கொல்வதாகும். மூன்று நான்கடி நீளம் மட்டும் தோண்டி, உறுதியான நிலத்தினின்று கட்டி எழுப்பி, பழங் கடைக்காலின் அடியோடு இடைவெளியின்றிப் பொருத்தி, அஃது இறுகிய பின்னரே, இடையிற் சிறிது தொலைவு விட்டு அடுத்த பகுதியைத் திறத்தல் வேண்டும். இது பொறுமையை வேண்டும் வேலை. ஒப்பந்தக்காரர்க்கு இதிற் பெரும் வருவாய் இல்லை. இடிக்கச் சொல்லும் குரல் ஓங்கியிருப்பதன் கரணியமும் அதுதான்.

இவ் வேலை அறிந்த கொத்தனார் அருகி வருகின்றனர். கடைக்கால் என்னும் நல்ல தமிழ்ச்சொல், 'கடகால்' என்றேனும் இன்றும் அவர் வாயில் வாழ்கின்றது; படித்தவர் வாயில் அஃது 'அத்திவாரம்'. சுண்ணாம்பு நீற்றவும் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரிற் சாந்து அரைக்கவும் தெரிந்த முதியவர்க்குத் தொடர்ந்து வேலை கொடுத்தாலன்றி இளைஞர் அவரிடம் கற்க வாரார்.

பங்காளிகள் பலர்க்கு உரிய வீடாகலின் யாரும் முன்வருவதில்லை என்பது உண்மையே. நம் அன்பர்கள் அவ் வூர்களிற் பலர் உளர். படைப்பிற்கோ திருமணத்திற்கோ பங்காளிகள் கூடும் நாளில் எல்லாரும் ஒருமுறை வீட்டைச் சுற்றி வருக. வடிகாலின் வாயைத் திறந்து பார்க்க. ஐப்பசி மழைக்கு முன் அதனைத் தூரெடுப்பதற்கான செலவைப் புள்ளிக்கு இவ்வளவென்று வரியிட்டு அன்றே திரட்டுக. கண்ணாடித் துண்டையும் அன்றே ஒட்டிவிடுக. அஃது உடைந்ததா என்பதை அடுத்த படைப்பின்போது எல்லாரும் பார்க்கலாம்.