தேடினால் வராத தமிழ்

எங்கட தோழி ஒருத்திக்குக் கண் தெரியாது. வாசிப்பெல்லாம் காதால்தான். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் கணினித் திரையில் இருப்பதை வாசிக்கும், அவள் கேட்பாள். போன வருசம் காணிப் பிரச்சினை பற்றித் தமிழில் வந்த ஓர் அறிக்கையை அவளுக்கு அனுப்பினோம். 212 பக்கப் பிடிஎப். நல்ல அட்டை, நல்ல வடிவமைப்பு. பத்து நிமிசத்தில் ஒரு குரல்பதிவு வந்தது. கணினி வாசித்ததை அப்படியே பதிந்து அனுப்பியிருந்தாள்: "ஜே, கே, பி, ஓ..." பிறகு அவளுடைய சிரிப்பு. "இது என்ன பாசையடா?"

அது "தமிழ்" என்ற சொல். பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று அடித்தால் கோப்புக்குள் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். ஜே-க்குப் பாமினி 'த' என்ற உருவத்தைப் போர்த்திவிடுகிறது, அவ்வளவுதான். எங்கட கண் போர்வையைப் பார்க்கிறது. கணினிக்குத் தெரிவது உள்ளே இருக்கிற ஆங்கிலம்.

எங்களுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அதே கோப்பில் அவளுடைய ஊரின் பெயரைத் தேடிப் பார்த்தோம். ஒரு முடிவும் இல்லை. ஆனால் 63ஆம் பக்கத்தில் அந்த ஊர் இருக்கிறது, பறிபோன காணியின் அளவோடு இருக்கிறது. ஊரைத் தேடிப் பார்த்து "எங்கட ஊரைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை" என்று மூடிவைத்தவர்கள் எத்தனை பேரோ? அதுக்குப் பிறகு சிரிக்க ஏலாமப் போச்சு. இரண்டு இரவு மாறி மாறி நாங்கள்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினோம்.

இதை நாங்கள் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லமாட்டோம். இது அசட்டை. யுனிகோட்டின் முதல் பதிப்பிலேயே, 1991இலேயே, தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. இன்றைக்கு அம்மம்மா வட்ஸ்அப்பில் அனுப்புகிற காலை வணக்கம் யுனிகோட்டில் போகிறது. ஆய்வறிக்கையும் சிறுசஞ்சிகையும் நினைவுமலரும் இன்னும் பாமினியில் வருகின்றன. சிங்களத்தில் எப்எம் அபய எழுத்துருவோடும் இதே கதைதான். ஆகவே இதைத் தமிழருக்கு யாரோ செய்த சதி என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

சொல்லப்படுகிற சாட்டுகள் எங்களுக்கு மனப்பாடம்.

"விரல் பழகிப்போச்சு." பழகினது விசைப்பலகைதானே? அதே பாமினி விசை ஒழுங்கில் அடித்து யுனிகோட்டில் எழுத்தைப் பெறுகிற இலவச மென்பொருள்கள் எத்தனையோ வருசமாக இருக்கின்றன. ஒரு விசையும் புதிதாகப் பழகத் தேவையில்லை.

"அச்சகத்தில கேக்கமாட்டினம்." பேஜ்மேக்கர் காலத்தில் அது நியாயம். அந்த மென்பொருளுக்கு யுனிகோட் தெரியாது. ஆனால் அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கான பந்தி அமைப்பைத் தெரிவுசெய்தால் கொம்பும் காலும் ஒழுங்காக விழும். காசு கொடுக்கிறவர்கள் நாங்கள். கேட்டால் செய்வார்கள்.

"ஆரும் மாத்தாம இருக்கத்தான் படமாப் போட்டனாங்கள்." மாற்ற நினைக்கிறவனுக்குப் படம் ஒரு தடையே இல்லை. தடைப்படுவது தேடுகிறவரும், மேற்கோள் காட்டுகிற மாணவரும், எங்கட தோழியும்தான்.

சரி, கையில் இருக்கிற கோப்பை என்ன செய்வது? முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். அக்ரோபட் ரீடரில் கொன்ட்ரோலோடு டி-யை அழுத்தி எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள்.

பட்டியலில் பாமினி இருந்தால் அது போர்வை நோய். எழுத்துக்களைக் கொப்பி பண்ணி, பாமினியை யுனிகோட்டாக்கும் மாற்றியில் போட்டால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: பந்திக்குள் இருக்கிற ஆங்கிலச் சொல்லும் மின்னஞ்சல் முகவரியும் சேர்ந்து தமிழாகிப் பிதற்றும். மாற்றிக்கு இரண்டும் ஒரே குறிதான். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

பட்டியலில் யுனிகோட் எழுத்துரு இருந்தும், கொப்பி பண்ணினால் பெட்டி பெட்டியாக வருகிறதா? அல்லது "கொ"வின் கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகச் சிதறுகிறதா? அது அட்டவணை நோய். பிடிஎப் சொற்களைச் சேமிப்பதில்லை. "இத்தனையாம் இலக்க உருவத்தை இந்த இடத்தில் வை" என்ற கட்டளைகளைத்தான் சேமிக்கிறது. எந்த உருவம் எந்த எழுத்து என்று சொல்ல டூயுனிகோட் என்ற அட்டவணை உள்ளே இருக்க வேண்டும். "கு" பார்வைக்கு ஒரே உருவம், யுனிகோட்டில் இரண்டு குறி. அட்டவணை இல்லாவிட்டாலோ பிழைத்தாலோ தமிழ் கலைந்துபோகும். மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி, பிரிண்ட் கொடுக்காமல், 'சேவ் ஆஸ்' வழியாக அணுகல்தன்மைக் குறிகளோடு திரும்ப எடுத்துப் பாருங்கள். அநேகமாகத் திருந்தும்.

பட்டியல் வெறுமையாக இருந்தால் அது முழுக்கப் படம். இதுக்குத்தான் ஓசிஆர் என்கிற எழுத்துணரி. டெசராக்ட் இலவசம், தமிழும் தெரியும். ஓசிஆர்மைபிடிஎப் அதைப் பாவித்துப் படத்துக்குப் பின்னால் தேடக்கூடிய எழுத்துப் படலம் ஒன்றை வைத்துத் தரும். மொழியைத் தமிழ் என்று சொல்ல மறந்தால் அது ஆங்கிலமென்று நினைத்து உளறும். ஸ்கான் 300 டிபிஐயில் இருப்பது நல்லது. அப்படியிருந்தும் 'ர'வும் காலும் மாறும், 'ன'வும் 'ண'வும் மாறும். பழைய அச்சில் தும்பிக்கை வைத்த 'லை', 'ணை' வந்தால் இன்னும் தடுமாறும். ஆகவே ஒரு மனிதக் கண் கட்டாயம் வேண்டும்.

பழைய புத்தகத்துக்கு இந்தப் பாடு நியாயமானது. ஈயஎழுத்தில் அச்சானதை ஸ்கான் செய்வதைவிட வேறு வழியில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் தொண்டர்கள் ஒவ்வொரு பக்கமாகச் செய்துவருவதும் அதைத்தான். ஆனால் இந்த வருசம், கணினியிலேயே பிறந்த ஓர் அறிக்கையைப் படமாக்கிவிட்டு, அதை மீட்க இன்னொருவர் எழுத்துணரியோடு மாரடிக்க வேண்டுமா? 1981இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டதை வருசாவருசம் நினைவுகூருகிறோம். அந்த நினைவுமலரையே பாமினியில் போட்டு, தேட முடியாத கோப்பாக்கி இணையத்தில் ஏற்றுகிறோம். எரித்தவனைக் கேள்வி கேட்கிற வாய், இதையும் கேட்க வேண்டும்.

எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். நாங்கள் வெளியிட்ட முதல் இரண்டு தொகுப்புகளும் பாமினி. வடிவு என்று நினைத்துத்தான் போட்டோம். எங்கட தோழி அந்தத் தொகுப்புகளை இன்றுவரை வாசிக்கவில்லை, வாசிக்க விடவில்லை நாங்கள். இப்ப இரண்டு பேர் இருந்து மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 40 பக்கம் முடிந்திருக்கிறது.

இனி எங்கட கைக்கு வருகிற எந்தப் பிடிஎப்பிலும் மூன்று விசயம் பார்ப்போம். ஒரு ஊரின் பெயரைத் தேடினால் வருகிறதா? ஒரு பந்தியைக் கொப்பி பண்ணினால் தமிழாகவே விழுகிறதா? திரைவாசிப்பான் வாசித்தால் விளங்குகிறதா? மூன்றும் சேர்த்து ஐந்து நிமிச வேலை. தேறாததை எழுதினவருக்குத் திருப்பி அனுப்புவோம், திருத்தத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்போம். மதிப்புரை அதுக்குப் பிறகுதான்.

அந்தக் காணி அறிக்கையை வெளியிட்டவர்களுக்கும் எழுதியிருக்கிறோம். மூலக் கோப்பைத் தந்தால் போதும், மிச்ச வேலையை நாங்கள் சும்மாவே செய்து தருகிறோம் என்று. பதில் இன்னும் வரவில்லை. வரும்வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்போம்.