40 கோடி வியூஸ்... காசு யாருக்கு? - 'என்ஜாய் எஞ்சாமி' சொல்லும் கணக்கு!

"சொந்தமா ஒரு பாட்டு பண்ணி யூடியூப்ல ஏத்தணும்!" - உங்க கேங்க்ல இப்படிச் சொல்ற ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். ஏன், அது நீங்களாகவே இருக்கலாம். ஒரு மைக், ஒரு லேப்டாப், நாலு நண்பர்கள் இருந்தால் போதும்ங்கிற காலம் இது. சரி, பாட்டு ஹிட் ஆயிடுச்சுன்னு வெச்சுக்குவோம். அப்புறம்?

அதுக்குப் பதில் தெரியணும்னா 'என்ஜாய் எஞ்சாமி' கதையைப் பார்க்கணும். 2021 மார்ச் 7-ம் தேதி வெளியான பாட்டு. பாடியவர்கள் தீ, அறிவு. தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது, ஏ.ஆர்.ரஹ்மானின் ஆதரவோடு தொடங்கிய 'மாஜா' நிறுவனம். படம் இல்லை, ஹீரோ இல்லை. ஆனாலும் யூடியூபில் 40 கோடி பார்வைகளைத் தாண்டியது.

முதல் சண்டை பெயருக்காக வந்தது. 2021 ஆகஸ்ட்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையிலும் தீ பாடினார், அறிவு இல்லை. பாட்டை உருவாக்கியது தான்தான் என அறிவு பதிவிட்டார். உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷும் தீயும் விளக்கம் கொடுத்தார்கள்.

அடுத்த குண்டு 2024 மார்ச்சில் விழுந்தது. "எங்க யாருக்கும் ஒரு பைசாகூட வரலை" என்கிற பொருளில் சந்தோஷ் நாராயணன் வீடியோ வெளியிட்டார். நிறுவனம் அதை மறுத்து விளக்கம் தந்தது. யார் சொன்னது சரி என்பது கணக்குப் புத்தகத்துக்குத்தான் தெரியும். ஆனா ஒண்ணு கவனிங்க... மூணு பேரும் சமமாப் பிரிச்சுக்கலாம்னு பேசி வெச்சாலும், பிரிக்கிறதுக்குக் காசு முதல்ல கைக்கு வரணுமே!

கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது ஈஸியாப் புரியும். கூலிக்கு நெசவு செய்பவருக்குத் தறி சொந்தம், உழைப்பு சொந்தம். நூலும் துணியும் ஜவுளி உற்பத்தியாளருக்குச் சொந்தம். பாட்டிலும் அப்படித்தான். குரலும் வரியும் உங்களுடையது. பதிவான அந்த ஒலிக்கு, அதாவது 'மாஸ்டர்'க்கு, பெரும்பாலும் பணம் போட்டவர்தான் ஓனர்.

ஆனா, தறிக்காரர் ரெண்டு விஷயத்துல உஷார். மீட்டருக்கு என்ன கூலி, எத்தனை மீட்டர் ஓடுச்சு என்பது அவருக்குத் தெரியும். கூலி கட்டுப்படி ஆகலைன்னா சங்கமாக நிற்பார். 2025 மார்ச்சில் கோவை, திருப்பூர் தறிகள் நின்றன. ஏப்ரலில் கருமத்தம்பட்டியில் உண்ணாவிரதமே நடந்தது. கூலியும் உயர்ந்தது. பாட்டுக்காரர்களிடம் இல்லாதது இந்த ரெண்டும்தான்.

சட்டம் உங்க பக்கம் கொஞ்சம் இருக்கு. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி பெறும் உரிமையை மியூசிக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. பாடகர்களுக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. வரி, மெட்டு உங்களுடையது என்றால் ஐ.பி.ஆர்.எஸ், குரல் உங்களுடையது என்றால் இசாம்ரா (முன்பு இஸ்ரா) - இந்த அமைப்புகளில் சேருங்கள். நீங்க சேரலைன்னா உங்க பங்கைக் கேட்டு வாங்க ஆள் இல்லை.

அப்புறம், பாட்டு போடும் முன்னாடியே இதைப் பேசி முடிங்க: மாஸ்டர் யாருக்கு? எத்தனை வருஷத்துக்கு? வரி, மெட்டு, குரல் - யாருக்கு எத்தனை சதவிகிதம்? கணக்கு எத்தனை மாசத்துக்கு ஒருமுறை வரும்? நண்பர்களுக்குள்ளதானேன்னு விடாதீங்க. வாட்ஸ்அப்பிலாவது எழுதி வையுங்கள், பெரிய தொகைன்னா வக்கீலிடம் காட்டிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொண்ணு... ஸ்பாட்டிஃபையில் 12 மாசத்துல 1,000 முறைகூட ஓடாத பாட்டுக்கு ராயல்டியே கிடையாது. 2024-லிருந்து இதுதான் விதி. அதனால் முதல் பாட்டிலேயே பணம் கொட்டும்னு கடன் வாங்கி வீடியோ எடுக்காதீங்க.

வியூஸ் எல்லோருக்கும் தெரியும்படி ஓடும். காசு அக்ரிமென்ட் சொல்லும் வழியில்தான் ஓடும். ஸ்டூடியோவுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பரைப் படிச்சிடுங்க!