கணிப்பொறி பேணல்

வீடுதோறும் கணிப்பொறி புகுந்துவிட்ட இந்நாளில், அதனை வாங்கும் வழி சொல்வார் பலராகவும் பேணும் வழி சொல்வார் மிகச் சிலராகவும் இருக்கக் காண்கின்றோம். பேணாமையால் வரும் இழப்பு செல்வர் மனையிற் சிறு செலவாய் முடியும். எளியோர் மனையிலோ ஒரு மாணாக்கனின் ஓராண்டுப் படிப்பையே விழுங்கிவிடும். ஆதலின் இதுபற்றி எம் கருத்தைச் சிறிது உரைக்கத் துணிந்தோம்.

தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், பல இலட்சம் குடும்பங்கள் முதன்முதலாகக் கணிப்பொறியைக் கண்டன. செஞ்சிச் சீமையிலும் அங்ஙனமே. அண்ணன் பெற்றதைத் தம்பியும், அவன் கற்றபின் தங்கையும் வைத்துப் படித்த வீடுகள் எம் பனமலையில் உள. ஆயினும் அவற்றுட் சில இன்று பரண்மேற் கிடக்கின்றன. ஏன் என்று வினவின், "பழசாகிவிட்டது, சூடேறி அணைந்துபோகிறது" என்பர். பழமை ஒன்றே காரணமென்பதற்கு யாம் உடன்படோம். பெரும்பாலும் முதற் குற்றவாளி தூசியே.

நெல் தூற்றுங்காலும், மணிலாக்கொட்டை உடைக்குங்காலும், ஆடிக்காற்று வீசுங்காலும் எம் ஊர் வீடுகளிற் படியும் புழுதியைச் சொல்ல வேண்டுவதில்லை. கணிப்பொறியோ இடைவிடாது காற்றை உள்வாங்கும் கருவி. பிராசசர் எனப்படும் சில்லிற் பிறக்கும் வெப்பத்தை உலோகத் தகடுகள் ஏற்க, சிறு விசிறி அத்தகடுகளினூடே காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியேற்றும். அவ்விடுக்குகளில் துகளும் மயிரும் பஞ்சும் கம்பளிபோற் படிந்துவிடின் காற்றுச் செல்வதெங்ஙனம்? வெப்பம் 100 பாகை செல்சியசை அணுகுமாயின் பெரும்பாலான சில்லுகள் தம் விரைவைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதாயின் கருவி தானே நின்றுவிடும். அது தன்னைக் காத்துக்கொள்ளும் செயல். நாமோ அதனைச் சாவென்று கொண்டு பரணுக்கு அனுப்புகின்றோம்.

நம்மவர் செய்யும் பேணல் வேறுவகை. பூவேலை செய்த துணியால் மூடுவர், பிள்ளைகளைத் தொடவிடார், ஆயுத பூசைநாளிற் சந்தனமும் குங்குமமும் இடுவர். பொட்டு காற்றுத்துளையை அடையாதவரை அதனோடு எமக்கு வழக்கில்லை. துணியோவெனில், கருவி ஓய்ந்திருக்கும்போது நன்று; ஓடும்போது அதுவே பகை. மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துப் படிப்பாரும் இதே பிழையைச் செய்கின்றனர். பஞ்சு அடித்துளைகளை அடைத்துவிடும். வெளியே மினுக்கி உள்ளே அஞ்சி நிற்கும் இவ்வழக்கத்தையே யாம் கண்டிக்கின்றோம். கணிப்பொறி திறக்கப்பட வேண்டும்; கூடுமாயின் வீட்டாராலேயே திறக்கப்பட வேண்டும்.

மேசைக் கணிப்பொறியாயின் வேலை எளிது. முறையாக நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கி, மின்பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரம் வடியவிடுக. பக்கத் தகட்டைத் திருகு கழற்றி எடுத்தபின், பெட்டியின் உலோகத்தை ஒருமுறை தொடுக. உடலில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்க வல்லது. விசிறியை விரலால் அசையாது பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்றூரிகையாலும் காற்றூதியாலும் துகளை நீக்குக. பிடியாது ஊதின் விசிறி வெறியாட்டம் ஆடும்; அதன் அச்சு தேயும். வாயால் ஊதுதலும் ஈரத்துணி இடுதலும் ஆகா. பல்லி முட்டையும் எறும்புக் கூடும் கண்டு வியவாதீர். வெதுவெதுப்பான இடத்தை அவையும் விரும்பும். ஒன்றுமட்டும் உறுதியாகச் சொல்வோம்: மின்வழங்கிப் பெட்டியை எக்காரணத்தாலும் திறவற்க. கம்பியைப் பிடுங்கிய பின்னும் உயிர்க்கு ஊறு செய்யும் மின்னழுத்தம் அதனுள் தங்கியிருக்கும். மடிக்கணினியைத் திறக்கச் சற்றுப் பயிற்சி வேண்டும். மின்கலம் உப்பியிருப்பின் அதனை அழுத்தாமலும் குத்தாமலும் அறிந்தாரிடம் சேர்ப்பிக்க.

கருவியைப் பேணுதலோடு, அதனுள் எழுதி வைத்ததைப் பேணுதலும் உண்டு. தமிழ் பயில்வார்க்கு இது புதிய செய்தியன்று. ஏட்டுச் சுவடிகளைத் துடைத்து எண்ணெய் தடவிக் காத்தனர் நம் முன்னோர்; செல்லரிக்குமுன் புத்தோலையிற் படியும் எடுத்தனர். படியெடாத ஏடு ஒழிந்தது. எம் ஊர்த் தாளகிரீசுவரர் கோயிலில் இராசசிம்ம பல்லவன் காலத்து ஓவியம் சிதைந்தும் அழகு குன்றாது சிறுபகுதியே எஞ்சி நிற்கின்றது. அழிந்துபோன பகுதிக்குப் படியில்லை. ஆய்வுக் கட்டுரையை ஒரே வட்டில் வைத்திருக்கும் நண்பர்கள் அதனை ஒருமுறை சென்று காண்பார்களாக.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்டு நிறுவனம் அளித்துவந்த பொதுவான காப்புதவி 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தமையால், நல்ல கருவிகளையும் கழித்துவிடும் பேச்சு எழுந்துள்ளது. அதற்கு விரைய வேண்டா. சி-டாக் ஆக்கிய பாஸ் லினக்சு முதலிய இலவச இயக்குதளங்கள் உள. தூசி நீக்கிய பழைய கருவியில், அதன் ஆற்றலுக்கேற்ற ஒன்றை நிறுவின், கட்டுரை எழுதவும் நூல் படிக்கவும் அது இன்னும் சில்லாண்டு உழைக்கும்.

நம் கல்லூரி இதில் வழிகாட்டலாகும் என்பது எம் துணிபு. பருவத்திற்கு ஒரு பிற்பகல், ஆய்வகத்தின் பழைய பெட்டிகள் சிலவற்றைத் தமிழ் மாணாக்கர், அறிவியல் மாணாக்கர் என்னும் வேறுபாடின்றி யாவரும் தம் கையாலேயே திறந்து துடைக்க இசைவு தரப்படுமாயின், செலவு ஒரு திருப்புளிக்கும் நான்கு தூரிகைகளுக்கும் மேற்படாது. தூரிகைகளை யாமே கொணர்வோம்.