பெயரில்லாத் தீர்ப்பும் பொறுப்பில்லா நீதியும்

அயோத்தி நில வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2019 நவம்பர் 9 அன்று வழங்கிய தீர்ப்பு ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. அத்தனை பக்கங்களிலும் ஒரு செய்தி மட்டும் இல்லை: அதை எழுதியவர் யார்?

அமர்வு ஒருமனதாக இருந்ததால் நீதிமன்றமே ஒரே குரலில் பேசியது என்று இதற்கு விளக்கம் தருகிறார்கள். விளக்கம் நிற்கவில்லை. சர்ச்சைக்குரிய இடமே ராமர் பிறந்த இடம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் அடுக்கும் இணைப்பு ஒன்றும் தீர்ப்போடு சேர்க்கப்பட்டது. அது அமர்வில் ஒருவர் மட்டும் தனியே பதிவு செய்த காரணங்கள் என்று தீர்ப்பே கூறுகிறது. தனிக் குரலுக்கும் பெயர் மறைக்கப்பட்டது ஏன்?

1949இல் மசூதிக்குள் சிலைகள் வைக்கப்பட்டதும், 1992இல் மசூதி இடிக்கப்பட்டதும் சட்டவிரோதம் என்று அதே தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. ஆயினும் 2.77 ஏக்கர் முழுவதும் கோயிலுக்கே தரப்பட்டது. மசூதிக்கு வேறிடத்தில் 5 ஏக்கர். குற்றத்தைக் கண்டித்துவிட்டு அதன் பலனை அங்கீகரித்த இந்தத் தர்க்கத்துக்குச் சொந்தக்காரர் எவர் என்று கேட்க மக்களுக்கு உரிமை இல்லையா?

பெயர் வெறும் சடங்கல்ல. அவசரநிலையின்போது, 1976இல், ஆட்கொணர்வு மனு உரிமையைப் பறித்த தீர்ப்பில் நீதிபதி எச்.ஆர்.கன்னா ஒருவரே மாறுபட்டார். அதற்கு விலையாகத் தலைமை நீதிபதி பதவியை இழந்தார். பெரும்பான்மையுடன் நின்றவர்களில் ஒருவர் ஒய்.வி.சந்திரசூட். 2017இல் அந்தத் தீர்ப்பு தவறென்று எழுதியவர் அவருடைய மகன் டி.ஒய்.சந்திரசூட். தந்தையின் பெயர் ஏட்டில் இருந்ததால்தான் வரலாறு இருவரையும் எடைபோட முடிந்தது. அதே மகன் இடம்பெற்ற அயோத்தி அமர்வோ பெயரை மறைத்தது!

அமர்வுக்குத் தலைமை தாங்கிய ரஞ்சன் கோகாய், ஓய்வுபெற்ற நான்கே மாதங்களில் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். மற்றொரு நீதிபதி அப்துல் நசீர் 2023இல் ஆந்திர ஆளுநரானார். தீர்ப்பில் பெயர் இல்லை. பதவிப் பட்டியலில் பெயர் இருக்கிறது.

தொழிலாளியின் வேலைநீக்க உத்தரவில்கூட ஓர் அதிகாரியின் கையொப்பம் இருக்கிறது. தேசத்தின் தலைவிதியை எழுதும் தீர்ப்புக்கு அது வேண்டாமா? ஒவ்வொரு தீர்ப்பும் இணைப்பும் எழுதியவரின் பெயரோடு வரவேண்டும். ஓய்வுக்குப் பின் அரசு தரும் பதவிகளுக்குத் தடை வேண்டும். இக்கோரிக்கைகளை மக்களிடம் கொண்டுசெல்வது மதச்சார்பின்மையைக் காக்கும் போராட்டத்தின் பிரிக்கமுடியாத பகுதியாகும்.